அட்டைக்குப் பேர் வைக்கிறது வெட்டி வேலையா?

"கடல் அட்டையில புது இனம் கண்டுபிடிச்சிட்டாங்களாம். இனி நாடு வல்லரசுதான்."

இந்த மாதிரி நக்கலை உங்க ஊர்த் தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவுலயும் பார்த்திருப்பீங்க. தவளை, சிலந்தி, நண்டு, அட்டை, எதுக்காவது புதுசா லத்தீன்ல பேர் வெச்சதா செய்தி வந்தாப் போதும். வரிசையா சிரிப்பு பொம்மைகள். அப்புறம் எங்க குழுவுல ஒரு அண்ணாச்சி வருவார். ரயில்வேயில இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், பொங்கல் விழாவுக்கு முதல் ஆளா நன்கொடை குடுக்கிறவர். "எல்லாம் நம்ம வரிப்பணம்"னு ஆரம்பிப்பார். அதுக்கு நாப்பது பேர் கட்டை விரலைத் தூக்குவாங்க.

இது அந்த அண்ணாச்சிக்கும் அந்த நாப்பது கட்டை விரலுக்கும்.

டிஸ்கி: நான் பி.காம். விலங்கியல் எல்லாம் பள்ளிக்கூடத்தோட சரி. சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போ ஜாகை நாக்பூர். கடலைப் பார்க்கணும்னா ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். அப்படிப்பட்டவன் அட்டையைப் பத்திப் பேச என்ன யோக்கியதைன்னு கேட்டா, இருக்கு. இருபது வருஷமா நான் பார்க்கிற உத்தியோகமே 'நீ யார்?'னு கேட்டு அதை ஃபைல்ல சரியா எழுதி வைக்கிறதுதான். :-)

வளர்ந்ததே புனே, இந்தூர்ங்கிற நம்ம பிள்ளைங்களுக்கு அட்டைன்னா ரத்தம் குடிக்கிற அட்டைதான் ஞாபகம் வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. கடல் அட்டை நட்சத்திர மீனோட சொந்தக்காரன். வெள்ளரிக்காய் மாதிரி நீளமா கடல் தரையில கிடக்கும். நம்ம ஊர்ல கிடைக்கிறதுல பலதும் மணலை விழுங்கி, அதுல இருக்கிற சத்தை எடுத்துக்கிட்டு, மிச்ச மணலை வெளியே விடுற ஜாதி. நம்ம பக்கம் யாரும் சாப்பிடுறதில்லை. அவிச்சு, உலர்த்தினா ஹாங்காங்லயும் சீனாவுலயும் நல்ல விலை. உலகத்துல இதுவரைக்கும் பேர் வெச்ச இனங்கள் 1,700க்கு மேல.

இனி கதைக்கு வர்றேன். 1833ல யேகர்னு ஒருத்தர் ஒரு கடல் அட்டைக்கு ஹோலோதூரியா ஸ்காப்ரான்னு பேர் வெச்சார். மன்னார் வளைகுடாவுலயும் பாக் நீரிணையிலயும் நம்ம ஆளுங்க 'வெள்ளை அட்டை'ன்னு சொல்றது இதைத்தான். பசிபிக் கடல்ல, பிரெஞ்சு ஆட்சியில இருக்கிற நியூ கலிடோனியா தீவுலயும் இது உண்டு. அங்க இதுக்கு பிரெஞ்சுல 'சாம்பல்'னு அர்த்தம் வர்ற பேர். அதே தீவுல இன்னொன்னும் கிடைக்கும். கொஞ்சம் பெரிசு, தடிமன், ஒவ்வொன்னும் ஒவ்வொரு நிறம், சிலதுல கறுப்புத் திட்டுத் திட்டா இருக்கும். அதுக்குப் பேர் 'செம்மறியாடு'! பேர் வெச்சவன் ரசிகன். ஆங்கிலம் பேசுற வியாபாரிகள் இதை கோல்டன் சாண்ட்ஃபிஷ்னு சொல்வாங்க.

அதாவது முங்கி எடுக்கிறவனுக்கும் மூட்டை கட்டுறவனுக்கும் இது ரெண்டும் வேற வேறன்னு எப்பவோ தெரியும். ஏட்டுல மட்டும் ரெண்டும் ஒன்னு.

1986ல ஷாந்தால் கோனான் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், இந்த இரண்டாவது அட்டையை ஸ்காப்ராவோட 'வெர்சிகலர்' வகைன்னு எழுதினாங்க. அந்த அம்மா அதோட நிக்கலை. ரெண்டும் எந்த அளவுல முதல் தடவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகுதுன்னும் கணக்கெடுத்தாங்க. ஸ்காப்ராவுக்கு சுமார் 16 செ.மீ. நீளம், 184 கிராம். வெர்சிகலருக்கு சுமார் 22 செ.மீ., 490 கிராம்.

அண்ணாச்சி, இந்த ரெண்டு எண்ணையும் இன்னொரு தடவை பாருங்க. ஏட்டுல ரெண்டும் ஒரே இனம்னு வெச்சுக்கிட்டு ஒரு மீன்வளத் துறை, '16 செ.மீ.க்கு மேல இருந்தா எடுக்கலாம்'னு விதி போடுதுன்னு வைங்க. ஸ்காப்ரா பிழைச்சுக்கும். செம்மறியாடு ஒரு குட்டி கூடப் போடாம மூட்டைக்குள்ள போயிடும். யாரும் விதியை மீறலை, யாரும் திருடலை. சட்டப்படியே ஒரு இனம் காலி. இதுக்கு ஒரே காரணம், அது தனி இனம்னு காகிதத்துல இல்லாததுதான்.

சரி, 1986லயே வெர்சிகலர்னு பேர் வெச்சாச்சே, அப்புறம் என்ன? இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. விலங்குகளுக்குப் பேர் வைக்க சர்வதேச விதித் தொகுப்பு ஒன்னு இருக்கு. ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை எல்லாம் அதுக்கு முன்னாடி கைகட்டி நிக்கணும். 1960க்கு அப்புறம் 'வகை'ன்னு குறிப்பிட்டு வெச்ச பேர், இனத்தோட பேரா செல்லாது. விஷயம் சரி, கையெழுத்து சரி, முத்திரைத்தாள் தப்புன்னு பத்திரம் திரும்பி வருமே, அந்தக் கதைதான். அதனால வெர்சிகலர்னு கட்டுரைகள்ல எழுதிக்கிட்டே இருந்தாங்க, சட்டப்படி அதுக்குப் பேரே கிடையாது. 2009ல மாசான், உதிக்கே, பர்செல், ரோ, சமின் ஆகிய அஞ்சு பேர் லண்டன் லின்னேயன் சொசைட்டியோட விலங்கியல் இதழ்ல முறைப்படி விவரிச்சு, லெஸ்ஸன்ங்கிற பழைய பிரெஞ்சு இயற்கையாளரோட ஞாபகமா ஹோலோதூரியா லெஸ்ஸோனின்னு பேர் வெச்சாங்க. 1986ல இருந்து 2009 வரைக்கும் 23 வருஷம். அந்த 23 வருஷமும் அதை அள்ளி வித்துக்கிட்டேதான் இருந்தாங்க.

'ஏன் 23 வருஷம்? பார்த்தா தெரியாதா?'ன்னு கேக்கலாம். தெரியாது. அட்டை உயிரோட இருக்கும்போது ஒரு நிறம், சாராயத்துல ஊறினா வேற நிறம். தொட்டா சுருங்கும். பெரிசுக்கும் குட்டிக்கும் தோற்றம் மாறும். அதனால உருவத்தைப் பார்த்து முடிவு பண்ண மாட்டாங்க. முதுகுல, வயித்துல, வாயைச் சுத்தி இருக்கிற கைகள்லன்னு தனித்தனியா துளித் துளி தோலை வெட்டி, நம்ம வீட்டுல வெள்ளைத் துணிக்குப் போடுவோமே பிளீச், அதுல போடுவாங்க. சதை கரைஞ்சிடும். அடியில மாவு மாதிரி சுண்ணாம்புத் துகள் தங்கும். அதைக் கழுவி மைக்ராஸ்கோப்ல வெச்சா ஒரு தச்சுப் பட்டறையே தெரியும். நாலு தூண் வெச்ச மேஜை, துளை போட்ட சட்டைப் பொத்தான், குச்சி, ரோஜாப்பூ. எது இருக்கு, எது இல்லை, பொத்தான்ல எத்தனை துளை, மேஜை எவ்வளவு உயரம், முதுகுல இருக்கிறதும் வயித்துல இருக்கிறதும் ஒத்துப் போகுதா... இதுதான் அட்டையோட கைரேகை. (ஃபார்மலின்ல போட்டு வெச்சா அதோட அமிலத் தன்மைக்கு இந்தத் துகளே கரைஞ்சு போகும். கைரேகை போச்சு! அதான் சாராயத்துல வைக்கிறது.)

அதுக்கப்புறம்தான் நிஜமான வேலை. இதுக்கு முன்னாடி யாராவது இதுக்குப் பேர் வெச்சிருக்காங்களான்னு 1758ல இருந்து தேடணும். லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன்னு கிடைக்கிற பழைய ஏடெல்லாம் படிக்கணும். அன்னைக்கு அவங்க எந்த உடலை வெச்சு எழுதினாங்களோ அந்த மூல மாதிரி எந்த மியூசியத்துல எந்த ஜாடியில இருக்குன்னு கண்டுபிடிச்சு ஒப்பிடணும். ஏன்னா முதல்ல வெச்ச பேருக்குத்தான் முன்னுரிமை. முதல் அடமானம் யாருக்கோ அவருக்குத்தான் முதல் உரிமைங்கிற மாதிரி. எல்லாம் முடிஞ்சு புதுசுதான்னு தெரிஞ்சா, ஒரே ஒரு உடலை 'இதுதான் இந்தப் பேருக்கு ஆதாரம்'னு குறிப்பிட்டு மியூசியத்துல வைக்கணும். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் சந்தேகப்பட்டு வந்து ஜாடியைத் திறந்து பார்க்கலாம்.

"இப்போதான் டி.என்.ஏ இருக்கே, மெஷின்ல போட்டா சொல்லிடாதா?" இது நம்ம ஐ.டி. தம்பிகளோட கேள்வி. மெஷின் உதவும், மறுக்கலை. ஆனா மெஷின் 'இது அதுல இருந்து இவ்வளவு வித்தியாசம்'னுதான் சொல்லும், 'அது' எதுன்னு அதுக்குத் தெரியாது. கே.ஒய்.சி. எடுத்த ஆள் தப்பான ஆளோட கைரேகையைப் பதிஞ்சிருந்தா, ஸ்கேனர் ஒவ்வொரு தடவையும் ரொம்பத் துல்லியமாத் தப்பான ஆளையே காட்டும். அதோட, ஸ்காப்ராவும் வெர்சிகலரும் இயற்கையில சில சமயம் கலக்கவும் செய்யும். கலந்தாலும் ரெண்டு இனத்தோட எல்லை அழியலைன்னு 2005ல ஒரு ஆய்வுல காட்டினாங்க. அதை எடுத்துச் சொல்ல மனுஷ மூளை வேணும்.

எங்க தொழில்ல இது அன்றாடம். முன்னாடி நான் இருந்த ஒரு கிளையில, அது எந்த வங்கி எந்த ஊர்ங்கிறது வேண்டாம், ஒரே பேர், ஒரே அப்பா பேர், ஒரே தெரு. ரெண்டு பேர். கம்ப்யூட்டர் மாத்தினப்போ யாரோ புண்ணியவான் ரெண்டையும் ஒரே ஆள்னு சேர்த்துட்டான். ஒருத்தர் டிராக்டர் கடன் கட்டலை. இன்னொருத்தருக்கு மகள் படிப்புக் கடன் கிடைக்கலை. அவர் தினமும் வந்து "நான் வேற சார், அவன் வேற"ன்னு சொல்லிக்கிட்டு நின்னார். கண்ணுக்கு முன்னாடி ரெண்டு ஆள் நிக்கிறது கிளையில எல்லாருக்கும் தெரியும். சிஸ்டம் ஒத்துக்கலை. சரி பண்ண எட்டு மாசம் ஆச்சு. அட்டையால கவுண்டர்ல வந்து நிக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்துல விவரமான ஒருத்தர் மடக்குவார். "மீனவனுக்கும் வியாபாரிக்கும்தான் முதல்லயே தெரிஞ்சிருக்கே, அப்போ விஞ்ஞானி எதுக்கு?" நியாயமான கேள்வி. பாதி ஒத்துக்கிறேன். அவங்க சொன்னதை விஞ்ஞானம் முதல்லயே காது குடுத்துக் கேட்டிருந்தா 23 வருஷம் ஆகியிருக்காது. நம்ம ஊர்லயே பாருங்க, தொட்டா வெள்ளை வெள்ளையா பிசினாட்டம் நூலை வெளியே விடுற ஜாதிக்கு 'நூல் அட்டை'ன்னு பேர். 'வெள்ளை அட்டை' நூல் விடாது. எந்த ஜாதிக்கு அந்த நூல் உறுப்பு இருக்கு, எதுக்கு இல்லைங்கிறது இன்னைக்கும் பாடப் புத்தகத்துல இனம் பிரிக்கிற அடையாளம். 'ராஜா அட்டை'ன்னு இன்னொன்னு. படிக்காத மனுஷன் கண்ணுலயே வெச்சிருக்கான் வகைப்பாட்டியலை. மண்டபத்துலயும் தூத்துக்குடியிலயும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பார்த்த டி.பி. ஜேம்ஸ் மாதிரி ஆட்கள் இந்த ஊர்ப் பேரையும் லத்தீன் பேரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சாங்க. அதனாலதான் எனக்கும் தெரியுது.

ஆனா ஊர்ப் பேர் ஊரோட சரி. ராமேஸ்வரத்து வெள்ளை அட்டையும் நியூ கலிடோனியா சாம்பலும் ஒன்னுன்னு ஹாங்காங் சுங்க அதிகாரிக்கு யார் சொல்றது? உலக ஒப்பந்தத்துல 'செம்மறியாடு'ன்னு எழுதினா உண்மையான செம்மறியாட்டை இல்ல நிறுத்தி வைப்பாங்க!

உலக ஒப்பந்தம்னதும் இன்னொன்னு. கறுப்பு டீட்ஃபிஷ்னு விலை உயர்ந்த ஒரு அட்டை. இந்தியப் பெருங்கடல்லயும் பசிபிக்லயும் கிடைக்கிறது ஒரே இனம்தான், ஹோலோதூரியா நோபிலிஸ்னு வெச்சிருந்தாங்க. 2004ல உதிக்கே, ஓ'ஹாரா, பிர்ன் மூணு பேரும் டி.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்த்து, பசிபிக்ல இருக்கிறது தனி இனம்னு காட்டினாங்க. அதுக்குப் புதுப் பேர் தேவைப்படலை. 1887லயே பெல்ங்கிறவர் ஹோலோதூரியா விட்மேயின்னு பேர் வெச்சிருக்கார். 'அதுவும் நோபிலிஸ்தான்'னு பின்னாடி வந்தவங்க மூடி வெச்சுட்டாங்க. இயங்காத கணக்கை மறுபடி திறந்த மாதிரி திறந்தாங்க. இதுல என்ன லாபம்? ஒரே இனம்னு இருந்த வரைக்கும், இந்தப் பக்கம் தீர்ந்தாலும் 'பசிபிக்ல இருக்கே'ன்னு சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் 2004ல செத்துப் போச்சு. அழியும் நிலை உயிர்களோட வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டஸ் ஒப்பந்தத்துல 2019ல ரெண்டையும் தனித்தனிப் பேரோட சேர்த்தாங்க, வெள்ளை டீட்ஃபிஷையும் கூடவே. 2020 ஆகஸ்ட்ல இருந்து அமல்.

இன்னொரு கணக்கும் சொல்றேன், கணக்குப்பிள்ளை இல்லையா. 2013ல ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலுக்காக 377 கடல் அட்டை இனங்களை எடுத்து மதிப்பிட்டாங்க. அழிவு ஆபத்துன்னு சொன்னது 16. அதுல ரொம்ப மோசமான நிலைமையில 7. அந்த ஏழுல நம்ம வெள்ளை அட்டை இருக்கு, நோபிலிஸ், விட்மேயி ரெண்டும் இருக்கு, 2009ல பேர் கிடைச்ச லெஸ்ஸோனியும் இருக்கு. பேர் கிடைச்ச நாலாவது வருஷம் அபாயப் பட்டியல்! '377ல 16தானே'ன்னு நிம்மதி வேண்டாம். ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு இனங்களுக்கு 'தகவல் போதாது'ன்னு எழுதியிருக்காங்க. எந்த வங்கியிலயாவது மூணுல ரெண்டு பங்கு கடனுக்கு 'வசூலாகுமான்னு தெரியலை'ன்னு எழுதிட்டு ஆடிட்டர் கிட்ட இருந்து தப்பிக்க முடியுமா?

இனி நம்ம நாட்டு நிலைமை. 1982ல 75 மில்லிமீட்டருக்குக் குறைஞ்ச உலர்ந்த அட்டையை ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு விதி. எல்லா இனத்துக்கும் ஒரே அளவு. மேல சொன்ன 16, 22 கணக்கை ஞாபகம் வெச்சுக்கிட்டு இதை ஒரு தடவை யோசிங்க. 2001ல வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில, புலி இருக்கிற அதே அட்டவணையில, எல்லாக் கடல் அட்டையும் மொத்தமா. ஒரு இனம் விடாம. தடை சரியா தப்பாங்கிறது வேற சண்டை. எங்க பக்கம் அந்தச் சண்டையில சொந்தக்காரங்க ரெண்டு பக்கமும் உண்டு. நான் சொல்றது ஒன்னுதான். எது அழியுது, எது ஏராளமா இருக்குன்னு தெரியாதவன் கையில ரெண்டே மருந்துதான் இருக்கும். எல்லாத்தையும் அள்ளு, இல்லை எதையும் தொடாதே. முதல் மருந்துல அட்டை செத்தது. ரெண்டாவதுல வலையில தானா விழுந்த அட்டைக்காக ஏழை மீனவன் கோர்ட்டுக்கு நடக்கிறான், மூட்டை மட்டும் கள்ளத்தோணியில போய்க்கிட்டே இருக்கு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில உரிமம் வாங்கி எடுக்கிறாங்க, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் பக்கம் வெள்ளை அட்டையைப் பண்ணை வெச்சே வளர்க்கிறாங்க. இத்தனைக்கும் வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிப்பகத்துல உண்டாக்கலாம்னு 1988லயே செஞ்சு காட்டினது எங்க தூத்துக்குடியில.

இனத்துக்கு இனம் வேற விதி போடணும்னா இனம் பிரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஆள் எங்க இருந்து வருவான்? நம்ம வீட்டுல இருந்துதானே வரணும். அங்கதான் கதவைச் சாத்துறோம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், இதே ஊர்தான். பொண்ணு பி.எஸ்சி. விலங்கியல் நல்லாப் படிச்சது. பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துல சேரணும்னு ஆசை. "அட்டையையும் நத்தையையும் எண்ணிக்கிட்டு இருக்கவா இவ்வளவு தூரம் வந்து படிக்க வெச்சோம்? மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றது?"ன்னு அவங்க அம்மா. அப்பா எம்.பி.ஏ. விண்ணப்பம் வாங்கிட்டு வந்துட்டார். வேடிக்கை என்னன்னா, 'எங்க ஊர்ல கடல் எப்படி இருக்கும் தெரியுமா'ன்னு நாக்பூர் வெயில்ல உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு இருபது வருஷமாக் கதை சொன்னதே அந்த அப்பாதான்!

சம்பளம்? மழுப்ப மாட்டேன். நிரந்தர வேலைகள் கம்மி. 1916ல ஆரம்பிச்ச இந்திய விலங்கியல் ஆய்வகம் கொல்கத்தாவுல இருக்கு, மத்திய கடல் மீன்வள நிறுவனம் இருக்கு, பல்கலைக்கழகங்கள் இருக்கு. போட்டி கடுமை, காத்திருக்கணும். ஆனா நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப். வாங்கினா 2023ல இருந்து மாசம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சுமாரான கல்லூரியில பல லட்சம் கட்டி எம்.பி.ஏ. முடிச்சுட்டு எங்க கவுண்டருக்கு வந்து இன்சூரன்ஸ் விக்கிற பிள்ளைங்களோட சம்பளம் எனக்குத் தெரியும். அவங்க கணக்கு எங்க கிளையிலதான் இருக்கு. :-)

அண்ணாச்சி வரிப்பணம்னார். அதுக்கும் பதில் சொல்லிடறேன். அவிச்சு உலர்த்தின அட்டை பார்த்திருக்கீங்களா? நிறம் போயிடும், பாதிக்கும் மேல சுருங்கி கரிக்கட்டை மாதிரி இருக்கும். ஒரு மூட்டை பிடிபடுது. நம்ம ஊர்ல எல்லா அட்டையும் தடைங்கிறதால 'அட்டை'ன்னு சொன்னாப் போதும், கேஸ் நிக்கும். சைட்டஸ் விதிப்படி ஹாங்காங்லயோ சிங்கப்பூர்லயோ அந்த மூட்டையை நிறுத்தணும்னா, உள்ள இருக்கிறது நோபிலிஸ்தான், வேற இல்லைன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போடணும். அவிச்சாலும் உலர்த்தினாலும் தோலுக்குள்ள அந்த மேஜையும் பொத்தானும் அப்படியேதான் இருக்கும். துளி தோலை பிளீச்ல போட்டு, மைக்ராஸ்கோப்ல பார்த்து, எந்த ஜாடியில இருக்கிற எந்த மூல மாதிரியோட ஒத்துப் போகுதுன்னு சொல்ற அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தப் பணத்துல இருந்து குடுக்கலாம்னு அண்ணாச்சியே சொல்லட்டும்.